240இசட் பிளாக்கில் பி30, ஹெட்டில் இ88: இது வண்டியோடு வந்த எஞ்சின்தானா?

செவ்வானம்71:
வணக்கம். நான் இருப்பது சேக்ரமென்டோவில். போன மாதம் ஒரு டட்சன் 240இசட் கார் வாங்கினேன். ஓட்டுநர் பக்கக் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் லேபிளில் 4/71 என்று, அதாவது 1971 ஏப்ரலில் செய்தது என்று, இருக்கிறது. "நம்பர் மேட்சிங் வண்டி, ஒரிஜினல் எஞ்சின்" என்று, அதாவது வண்டித் தகட்டில் உள்ள எஞ்சின் எண்ணும் எஞ்சினில் உள்ள எண்ணும் ஒன்றே என்று, சொல்லித்தான் விற்றவர் விலை பேசினார். அதை நம்பிக் கொஞ்சம் கூடவே கொடுத்தேன்.

சனிக்கிழமை பானெட்டைத் திறந்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தபோது எஞ்சினின் அடிப்பாகமான பிளாக்கின் பக்கவாட்டில் பி30 என்று புடைப்பாகத் தெரிந்தது. அதன் மேல் மூடியான சிலிண்டர் ஹெட்டில், முதல் ஸ்பார்க் பிளக் அருகே, இ88. ஆனால் பானெட்டுக்குள் வலப்பக்க முன்சக்கரத்துக்கு மேலே வரும் ஸ்ட்ரட் டவரில் இருக்கும் தகட்டில் எல்24 என்று எஞ்சின் வகையும் அதன் பின் நீளமாக ஒரு எண்ணும்தான் இருக்கின்றன. பி30-ம் இல்லை, இ88-ம் இல்லை. எஞ்சினை மாற்றிவிட்டு என் தலையில் கட்டிவிட்டார்களா?

இன்னொன்று. எஞ்சினை இறக்கி, மணல் அடித்துச் சுத்தம் செய்து, புது நீலம் பூசித் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

நாலாம்கியர்:
பி30 என்றால் 260இசட் பிளாக் ஆயிற்றே. நண்பரின் 74 மாடலில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கிரீஸ்கை:
தம்பி, அவசரப்பட்டு யாருக்கும் போன் போடாதேங்கோ. நான் மெல்பர்னில் இருக்கிறேன், என்னுடையது வலப்பக்க ஸ்டியரிங், எச்எஸ்30. உங்களுடையது எச்எல்எஸ்30 என்று தொடங்கும், நடுவில் வரும் எல் இடப்பக்க ஸ்டியரிங்குக்கு. எஞ்சின் ஒரே குடும்பம்தான்.

நீங்கள் பார்த்தது வார்ப்பு எண். இரும்பைக் காய்ச்சி ஊற்றும் அச்சிலேயே இருப்பது அது. அந்த அச்சில் வார்த்த அத்தனை பிளாக்குக்கும் அதே எழுத்துதான் வரும். உங்கள் எஞ்சினுக்கு மட்டும் உரிய எண் வேறு, அதை வார்த்த பிறகு ஆலையில் தட்டிப் பதிப்பார்கள். தகட்டில் இருப்பது அந்த எண். வார்ப்பு எண்ணைத் தகட்டில் தேடுவது, குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு வீட்டு எண்ணைத் தேடுவது மாதிரி.

நாலாம்கியர் சொன்னதில் பாதி சரி. பி30 பிளாக் 260இசட்டில் வந்தது உண்மை. அதே பி30 240இசட்டிலும் வந்தது. 240இசட்டின் எல்24 எஞ்சினும் 260இசட்டின் எல்26 எஞ்சினும் 83 மில்லிமீட்டர் போர்தான், அதாவது சிலிண்டரின் விட்டம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் எல்24-க்கு 73.7, எல்26-க்கு 79. கிராங்க்கை மாற்றித்தான் 2393 சிசியை 2565 சிசி ஆக்கினார்கள், பிளாக்குக்குப் புது அச்சு தேவைப்படவில்லை. ஆகவே பி30-ஐ மட்டும் பார்த்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. பிளாக்கில் என்42 அல்லது எஃப்54 இருந்திருந்தால் கவலைப்படலாம். அவை 280 வண்டிகளின் எல்28 பிளாக்குகள், போர் 86. எல்28 அப்படியே உள்ளே உட்கார்ந்துவிடும் என்பதால் எத்தனையோ 240-களில் இன்று இருப்பது அதுதான்.

இனிப் பார்க்கவேண்டியது: ஸ்பார்க் பிளக் இருக்கும் பக்கம், அதாவது வண்டியின் வலப்பக்கம். பின்கோடிக்குப் போங்கள். ஆறாவது பிளக்கை ஒட்டி, ஹெட் பிளாக்கின் மேல் உட்காரும் விளிம்பில் சின்னதாக ஒரு சமதளம் இருக்கும். எல்24-ம் எண்ணும் அங்கேதான். பெயின்ட்டும் அழுக்கும் மூடியிருக்கும். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். பெயின்ட் ரிமூவரைக் கொஞ்சம் தடவி ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள்.

மணல் அடித்தால் அந்த எண் தேய்ந்துவிடலாம், அந்தப் பேச்சை அதுவரை தள்ளி வையுங்கள்.

செவ்வானம்71:
நேற்று இரவு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. மூன்று அடுக்கு நீலம், அதற்கு அடியில் என்னவோ கறுப்பு. முதலில் எல் தெரிந்தது, அப்புறம் 24. மனைவி டார்ச் பிடித்தாள், நான் ஒவ்வொரு எண்ணாக வாசித்தேன். தகட்டில் இருக்கும் எண்ணேதான்! நாலாவது இலக்கம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் மேலே ஏறி நிற்கிறது. அது சந்தேகப்பட வேண்டிய விஷயமா?

கிரீஸ்கை:
நல்ல செய்தி. இலக்கம் ஏறி இறங்கி இருப்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். பார்க்கவேண்டியது எண்ணைச் சுற்றியுள்ள பரப்பைத்தான். ஆலையில் சீவிய கோடுகள் எண்களுக்கு நடுவிலும் வெளியிலும் ஒரே போக்கில் ஓடினால் யாரும் கைவைக்கவில்லை. எண் இருக்கும் இடம் மட்டும் வழுவழுப்பாகவோ சற்றுக் குழிந்தோ இருந்தால் பழையதை அரைத்துவிட்டுப் புதிதாகத் தட்டியிருக்கலாம். தகட்டையும் அப்படியே நம்பிவிடக் கூடாது, புதுத் தகடு அடித்து விற்கிறார்கள். தகட்டில் உள்ள வண்டி எண், எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலில் தட்டியிருக்கும் எண், டேஷ்போர்டில் கண்ணாடி வழியே தெரியும் எண் மூன்றும் ஒன்றா என்று பாருங்கள்.

செவ்வானம்71:
மூன்றும் ஒன்றே. கோடுகளும் ஒரே போக்கில்தான் ஓடுகின்றன. அப்படியானால் இ88?

சங்குசக்கரம்:
அங்கேதான் விற்றவர் சறுக்கியிருக்கிறார். 4/71 வண்டிக்கு இ31 ஹெட் வந்திருக்க வேண்டும். இ88 வந்தது 72 மாடல்களோடு. கம்ப்ரஷன் விகிதம் 9-லிருந்து 8.8-க்கு இறங்கியதும் அப்போதுதான். எனவே பிளாக் பிறவி, ஹெட் பிற்பாடு வந்தது. 2020 ஜனவரியில் ஒரு 71 மாடல் 240இசட் 3,10,000 டாலருக்கு ஏலம் போனதிலிருந்து, எண்ணைத் துடைத்துப் பார்க்காதவர்கள்கூட "நம்பர் மேட்சிங்" என்கிறார்கள். ஹெட்டில் தனி எண் கிடையாது, அதனால் அந்தச் சொல்லுக்குள் ஹெட் வராது என்று அவர் வாதாடலாம். "ஒரிஜினல் எஞ்சின்" என்று சொன்னதற்கு அந்த வாதம் செல்லாது.

இ31 ஒன்று தேடி வாங்கிப் போட்டுவிடுங்கள் என்பேன்.

கிரீஸ்கை:
நான் உடனே போட மாட்டேன். இ88 என்ற எழுத்தை மட்டும் வைத்து அது எந்த ஹெட் என்றும் தெரியாது. 72-லும் இ88, 74-இல் 260இசட்டிலும் இ88, ஆனால் எரியறையின் அளவு வேறு. அடுத்தமுறை ஹெட்டைக் கழற்றும்போது அறையில் எண்ணெய் ஊற்றி அளந்து பார்க்கலாம். எங்கிருந்தோ ஒரு இ31 வாங்கிப் போட்டால் வண்டிக்குக் கிடைப்பது இன்னொரு வண்டியின் ஹெட்தான். போடுவதானால் போட்டதை எழுதி வையுங்கள், அடுத்து வாங்குபவரிடம் பிறவி என்று சொல்லாதீர்கள். அவ்வளவுதான் என் பக்கம்.

அதைவிட அவசரமான வேலை இருக்கிறது. கார்புரேட்டர் ஆலையில் போட்ட ஹிட்டாச்சிதானா? மூடியில் எத்தனை திருகு? புகை குறைக்கும் ஏர் பம்ப் இன்னும் இருக்கிறதா? கலிபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்குப் புகைச் சோதனை இல்லை என்பதால் எத்தனையோ பேர் அதைக் கழற்றிக் குப்பையில் போட்டார்கள். இருந்தால் தொடாதீர்கள், ஓடாவிட்டாலும் இருக்கட்டும்.

செவ்வானம்71:
பம்ப் இல்லை. அதன் பிராக்கெட் மட்டும் தொங்குகிறது. கார்புரேட்டர் ஹிட்டாச்சிதான், திருகை எண்ணவில்லை.

ஆனால் ஒன்று கிடைத்தது. ஸ்பேர் டயருக்கு அடியில் எண்ணெய்க் கறையோடு ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே பழைய ரசீதுகள். 1984 ஜூலை மாதத்து ரசீது ஒன்றில், வண்டி சூடேறி நின்றதாகவும் வேறு ஹெட் போட்டதாகவும் கையால் எழுதியிருக்கிறது. கழற்றிய ஹெட்டைப் பட்டறையே எடுத்துக்கொண்டதாம்.

விற்றவரிடம் காட்டினேன். இந்த உறை இருப்பதே தனக்குத் தெரியாது என்றார், குரலைக் கேட்டால் உண்மை மாதிரிதான் இருந்தது. 600 டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். இ88 அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். மணல் அடிப்பதும் வேண்டாம், கையால் துடைத்துவிட்டு விடப்போகிறேன்.

நாலாம்கியர்:
பி30 விஷயத்தில் நான் சொன்னது தப்பு, மன்னிக்கவும். நண்பருக்கும் சொல்லிவிட்டேன்.

கிரீஸ்கை:
600 குறைவில்லை. என்றைக்காவது பட்டறைக்காரர் பிளாக்கின் மேல்பரப்பைச் சீவ வேண்டும் என்றால், அந்தச் சமதளத்தில் கட்டர் படக் கூடாது என்று எழுதியே கொடுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். இப்போது அந்த இடத்தை வெறும் இரும்பாக விடாமல் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள், துரு பிடிக்கும். ரசீதை இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். அது கார்பன் தாள் பிரதி என்றால் அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் திரும்பப் போடாதீர்கள், எழுத்து உறையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.