வட்டியில்லா வங்கி நம் பக்கம் ஏன் வரவில்லை?

பத்தமடை பாய்க்கடை:
அஸ்ஸலாமு அலைக்கும். அறுப்பு நேரத்தில் கோரையை மொத்தமாக வாங்கி, கீறிக் காயவைத்தால்தான் ஆண்டு முழுவதும் தறி ஓடும். அதற்குக் கைமுதல் வேண்டும். வட்டிக்கு வாங்க மனம் ஒப்பவில்லை. மலேசியாவிலும் வங்கதேசத்திலும் 1983-லேயே இஸ்லாமிய வங்கி வந்துவிட்டது. இங்கே என்ன தடை?

கடையநல்லூர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. முராபஹா முறையில் வங்கியே உங்கள் கோரையை வாங்கி, லாபம் வைத்து, தவணைக்கு உங்களிடம் விற்க வேண்டும். 1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, வங்கி சரக்கு வியாபாரம் செய்வதையே தடுக்கிறது. அதோடு, வைப்புத்தொகையில் ஒரு பங்கை ரொக்கமாகவோ தங்கமாகவோ அரசுக் கடன்பத்திரமாகவோ வைத்தாக வேண்டும். பத்திரத்தில் வருவது வட்டி. மற்றவை சும்மா கிடக்கும். எந்த வங்கி பிழைக்கும்? 2008-இல் ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கியைப் பரிந்துரைத்தது. 2017-இல் ரிசர்வ் வங்கி அதைக் கைவிட்டுவிட்டது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

மேலப்பாளையம் வாசகி:
சட்டம் மாறினாலும் கணக்கு இடிக்கும், அண்ணன். முளாரபா என்ற இன்னொரு முறையில் வங்கி முதல் போடும், லாபத்தில் பங்கு கேட்கும், நஷ்டத்தையும் தாங்கும். நம் கடைகளில் சிட்டை நோட்டுதான். வரவை வங்கி எதை வைத்து நம்பும்? வெளிநாட்டு இஸ்லாமிய வங்கிகளும் இதனால்தான் முராபஹாவையே அதிகம் பிடித்துக்கொள்கின்றன. "ஹலால் லாபம்" என்று சொன்ன ஒரு நிறுவனத்தில் என் பெரியம்மா வளையல் விற்ற பணத்தைப் போட்டார். ரசீது மட்டும் பீரோவில் இருக்கிறது. தம்பி, உங்கள் ஜமாஅத்தில் பைத்துல்மால் என்ற பொது நிதி இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள்.

பத்தமடை பாய்க்கடை:
கேட்கிறேன் அக்கா. சிட்டையையும் ஒழுங்காக எழுதத் தொடங்குகிறேன்.