ரிஸ்க்: ஆஸ்திரேலியா முழுவதும் என் கையில், ஆனாலும் தோற்கப்போகிறேன். இரவு 8 மணிக்குள் வழி சொல்லுங்கள்

நீலப்படை · மாலை 4.10
விடுதியில் ரிஸ்க் ஆடுகிறோம், உலக வரைபடப் பலகையில் பகடை உருட்டி நாடு பிடிக்கும் ஆட்டம். நேற்று இரவு ஒரு மணிக்குப் பாதியில் நிறுத்தினோம். பலகையை அப்படியே ஒரு காலி அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறோம். எல்லோரும் சேர்ந்து போனால்தான் காவலாளி சாவி தருவார், அப்படி ஓர் ஒப்பந்தம். மூன்றாவது சுற்றிலேயே ஆஸ்திரேலியாவைப் பிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒன்றுமே நகரவில்லை. இந்தோனேசியாவில் 19 படை சும்மா நிற்கிறது. மற்றவர்கள் பெருத்துக்கொண்டே போகிறார்கள். இன்று இரவு என் முறைதான் முதலில். என்ன செய்யலாம்? அவசரம்.

மழைக்குருவி · 4.16
எத்தனை பேர் ஆடுகிறீர்கள்? அட்டைத் தொகுப்பை (ஒரே வகை மூன்று, அல்லது வகைக்கு ஒன்றாக மூன்று) கொடுத்தால் கிடைக்கும் படை ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகும் விதியா, அல்லது காலாளுக்கு 4, குதிரைக்கு 6, பீரங்கிக்கு 8, மூன்றும் கலந்தால் 10 என்ற நிலையான விதியா? உங்களிடம் எத்தனை அட்டை? பக்கத்தில் யார்? இவை தெரியாமல் சொல்வது கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தியம் பார்ப்பது போல.

தென்னமெரிக்கா தாசன் · 4.21
ஆஸ்திரேலியாவைப் பிடித்ததுதான் முதல் தவறு. முழுதாகப் பிடித்தால் முறைக்கு அதற்கும் கூடுதல் படை 2, தென் அமெரிக்காவுக்கும் 2. இரண்டிலும் நான்கு நாடுகள். ஆனால் தென் அமெரிக்காவிலிருந்து பிரேசில் வழியே ஆப்பிரிக்காவுக்கும் வெனிசுவேலா வழியே வட அமெரிக்காவுக்கும் போகலாம். ஆஸ்திரேலியாவில் சயாம் என்ற ஒற்றைச் சந்துதான். உள்ளே போவது எளிது, வெளியே வருவது? அடுத்த ஆட்டத்திலாவது திருந்துங்கள்.

நீலப்படை · 4.25
அடுத்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நான்கு பேர். கூடிக்கொண்டே போகும் விதிதான். அட்டை நான்கு.

பழம்புலி · 4.33
இந்தக் கேள்வி இங்கே நூறு முறை வந்துவிட்டது. தம்பி, தேடிப் படிக்கும் பழக்கம் வேண்டும். இருபது ஆண்டுகளாக இந்த ஆட்டத்தை ஆடுபவன் என்ற முறையில் ஒரே வரி: சயாமைப் பிடித்து, இருக்கிற படை அத்தனையையும் அங்கே குவித்து உட்காருங்கள். வாசலை அடைத்தவனை யாரும் அசைக்க முடியாது. மற்ற மூவரும் அடித்துக்கொண்டு ஓயட்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த ஆட்டம் இல்லை. உண்மையில் பகடை உருட்டும் எந்த ஆட்டமும் அறிவாளிகளுக்கானது அல்ல, டிப்ளமசி ஆடிப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை · 4.41
உட்கார்ந்தால் என்ன கிடைக்கும்? கையில் உள்ள நாடுகளை மூன்றால் வகுத்து வருவதுதான் முறைக்குக் கிடைக்கும் படை; நான்கை வகுத்தால் 1. ஆனால் குறைந்தபட்சம் 3 உண்டு. ஆஸ்திரேலியாவுக்கு 2. ஆக, ஒரு முறைக்கு 5 படை. இதுவரை எத்தனை தொகுப்புகள் மாற்றப்பட்டிருக்கின்றன? வரிசை 4, 6, 8, 10, 12, 15, அதன்பின் ஐந்து ஐந்தாக ஏறும். ஆறாவது தொகுப்பு என்றால் அட்டை மாற்றுபவர் ஒரே மூச்சில் 15 இறக்குவார். நீங்கள் மூன்று முறை உட்கார்ந்து சேர்ப்பதை அவர் மூன்று சீட்டில் சேர்த்துவிடுவார். வாசலில் காவல் இருந்தே செத்தவர்கள் நிறையப் பேர்.

நீலப்படை · 4.58
வகுப்பில் இருந்தேன். ஐந்து தொகுப்புகள் மாறிவிட்டன, அடுத்தது 15. என்னிடம் இருப்பவை காலாள் 2, குதிரை 2, அதனால் இப்போது மாற்ற முடியாது. பக்கத்தில் மஞ்சள். அவன் என் அறைத்தோழன். சயாமில் 3, இந்தியாவில் 4, மத்திய கிழக்கில் 2. அவனிடமும் நான்கு அட்டைகள். எனக்குப் பிறகு சிவப்பு, பச்சை, கடைசியில் மஞ்சள்.

மழைக்குருவி · 5.03
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! மஞ்சளிடம் மூன்றே நாடுகள், மொத்தம் 9 படை, நான்கு அட்டைகள்; நீங்கள் 19-உடன் இந்த முறைக்கான 5 சேர்த்து 24 படையோடு வாசலில் நிற்கிறீர்கள். ஒருவரை முழுதாக ஒழித்தால் அவர் அட்டைகள் உங்களுக்கு. 4 + 4 = 8. ஆறோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் அந்த இடத்திலேயே, நான்கோ குறைவோ ஆகும்வரை மாற்றியே தீர வேண்டும். 8 அட்டைகளில் மூன்று போனால் 5, இன்னும் மூன்று போனால் 2. முதல் தொகுப்புக்கு 15, அடுத்ததற்கு 20. உங்கள் முறை முடிவதற்குள் 35 படை. ஐந்து அட்டைகள் இருந்தால் அதில் ஒரு தொகுப்பு கட்டாயம் இருக்கும், ஆகவே மாற்ற முடியாமல் போகுமோ என்ற கவலையே வேண்டாம்.

கணக்குப்பிள்ளை · 5.19
கணக்குப் போட்டுவிட்டேன். தாக்குபவர் 3 பகடை, காப்பவர் 2 என்றால், காப்பவர் இரண்டும் இழப்பது 37.17%, ஆளுக்கு ஒன்று போவது 33.58%, தாக்குபவர் இரண்டும் இழப்பது 29.26%. எண்கள் சமமானால் காப்பவருக்கே வெற்றி. அப்படியிருந்தும் கூட்டமாகத் தாக்குபவர் பக்கம்தான் தராசு சாய்கிறது. உங்கள் 24-இல் சராசரியாகச் சயாமில் 2.3 படை போகும், இந்தியாவில் 3.2, மத்திய கிழக்கில் 1.5. பிடித்த இடங்களிலும் இந்தோனேசியாவிலும் ஒவ்வொன்று விட்டுச்செல்ல வேண்டும். மத்திய கிழக்கில் ஏறத்தாழ 14 படையோடு நிற்பீர்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

தாயக்கட்டை · 5.24
பகடையை எப்படி உருட்டுகிறீர்கள்? கையால் என்றால் யாரும் எதையும் செய்யலாம். ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி, விரித்த துண்டின்மேல் கவிழ்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான். சித்தப்பா அதன்பிறகு தொடர்ந்து ஆறு போட்டதே இல்லை.

நீலப்படை · 5.31
ஒரு சிக்கல் இருக்கிறது. மஞ்சளோடு உடன்பாடு. சயாமை மாறி மாறிப் பிடித்துக்கொள்வோம், ஒரே ஒரு படை வைத்து, ஆளுக்கு ஓர் அட்டை கிடைக்கட்டும் என்று. அதைத் தாண்டி ஒருவர் பக்கம் மற்றவர் போகமாட்டோம். ஆறு சுற்றுகளாக இப்படித்தான்.

கிள்ளான்வாசி · 5.40
வாக்குக் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். 35 படைக்காக அறைத்தோழனை இழப்பதா? நாளைக் காலையில் ஒரே வாளியில் தண்ணீர் பிடிக்க வேண்டியவர்கள்.

பழம்புலி · 5.46
டிப்ளமசியில் ஏழு வல்லரசுகள், பகடையே கிடையாது, எல்லோரும் கட்டளைகளை எழுதி ஒரே நேரத்தில் திறப்பார்கள். 34 மையங்களில் 18 பிடிப்பவர் வெற்றி. அங்கே உடன்பாட்டை எப்போது உடைப்பது என்பதுதான் ஆட்டமே. ஆலன் கால்ஹாமர் 1954-இல் உருவாக்கியது. அதை ஆடியிருந்தால் இந்தக் குழந்தைத்தனமான தயக்கம் வந்திருக்காது.

மழைக்குருவி · 5.52
யாரும் அதைக் கேட்கவில்லை ஐயா. நீலப்படை, ஒன்றை நீங்கள் கவனிக்கவில்லை. மாற்றிக்கொள்ளும் நாட்டில் ஒரே ஒரு படை வைப்பது என்றுதானே பேச்சு? சயாமில் மஞ்சள் ஏன் 3 வைத்திருக்கிறார்?

நீலப்படை · 5.55
அட. நேற்றுக் கடைசி முறையில்தான் வைத்தான். தூக்கக் கலக்கத்தில் நான் யோசிக்கவே இல்லை.

மழைக்குருவி · 5.57
அவர் யோசித்திருக்கிறார்.

கிள்ளான்வாசி · 6.02
மூன்று படை வைத்தாலும் உங்களைத் தாக்கவில்லையே. சந்தேகத்தின் பேரில் கழுத்தறுப்பது நியாயமில்லை. இன்னொன்று, 1957-இல் வெளிவந்த ஆட்டம் இது. அந்த நாடு 1939-இலேயே தாய்லாந்து என்று பெயர் மாற்றிக்கொண்டது. பலகையில் சயாம் என்றே போட்டார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே வேறு நினைவு வரும். இரண்டாம் உலகப் போரில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன சயாம் மரண ரயில் பாதை. போனவர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். விளையாட்டுப் பலகையில் அதை ஓர் அட்டைக்காக மாறி மாறிப் பிடிக்கிறார்கள் என்று படிக்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது.

தென்னமெரிக்கா தாசன் · 6.09
பெயர் பார்த்தால் எந்தப் பலகையும் தேறாது. ஐரோப்பிய ரஷ்யா முழுவதையும் உக்ரைன் என்று போட்டிருக்கிறார்கள். இந்தோனேசியாவையும் நியூ கினியாவையும் ஆஸ்திரேலியக் கண்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஆட்டத்தை உருவாக்கிய ஆல்பெர் லாமொரிஸ் பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர், புவியியல் ஆசிரியர் அல்ல.

கிள்ளான்வாசி · 6.12
புவியியல் பிழையும் இதுவும் ஒன்றா?

தென்னமெரிக்கா தாசன் · 6.13
ஒன்று என்று சொல்லவில்லை. 42 நாடுகளில் ஒன்றுக்கு மட்டும் ஏன் என்றேன்.

நீலப்படை · 6.20
மன்னிக்கவும், ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மஞ்சளுக்கு மடகாஸ்கரிலும் ஒரு படை இருக்கிறது.

கணக்குப்பிள்ளை · 6.22
இதையா மறந்தீர்கள்! ஒரு நாடு மிச்சம் இருந்தாலும் அவர் உயிரோடு இருப்பார், ஓர் அட்டைகூடக் கிடைக்காது. ஆப்பிரிக்காவில் மற்றவை யாருடையவை? எவ்வளவு?

நீலப்படை · 6.24
ஆப்பிரிக்காவின் மற்ற ஐந்தும் சிவப்பு. கிழக்கு ஆப்பிரிக்கா 3, எகிப்து 8. தென் அமெரிக்காவும் அவனிடம்தான்.

மழைக்குருவி · 6.31
இப்போது முழுப் படம் தெரிகிறது. மடகாஸ்கரைப் பிடித்தாலே ஆப்பிரிக்கா முழுதாகி, சிவப்புக்கு முறைக்கு 3 படை கூடும். அப்படியிருக்க, ஒற்றைப் படை நிற்கும் இடத்தை ஏன் விட்டுவைத்திருக்கிறார்? கோழி கொழுக்கட்டும் என்று காத்திருக்கிறார். மஞ்சளிடம் அட்டைகள் சேர்ந்ததும் ஒரேயடியாக முடிப்பார். உங்களுக்கு அடுத்த முறை அவருடையது. இன்று நீங்கள் சும்மா இருந்தால் அந்த அட்டைகள் சிவப்புக்கு. உடன்பாட்டைக் காப்பாற்றலாம், மஞ்சளைக் காப்பாற்ற முடியாது. கிள்ளான்வாசி, இதையும் யோசித்துப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை · 6.40
வழி: மத்திய கிழக்கிலிருந்து நேராகக் கிழக்கு ஆப்பிரிக்கா, அங்கிருந்து மடகாஸ்கர். 14-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் 2.3 இழப்பு, ஒன்று விட்டுச்செல்ல வேண்டும், கையில் 10-க்கு மேல். கடைசி ஒற்றைப் படையை மூன்று பகடையால் அடித்தால் ஒவ்வொரு வீச்சிலும் 65.97% வெற்றி. கவலையே இல்லை.

தாயக்கட்டை · 6.44
நில்லுங்கள். என்னிடம் இருந்த பலகையில் மத்திய கிழக்குக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் நடுவே, படை கடந்துபோகலாம் என்று காட்டும் கோடு இல்லை. பக்கத்து வீட்டுப் பலகையில் இருந்தது. இதற்காகவே ஒரு தீபாவளி அன்று சண்டை.

பழம்புலி · 6.47
கோடு எல்லாப் பலகையிலும் உண்டு. கவனமாகப் பார்க்கத் தெரிய வேண்டும்.

மழைக்குருவி · 6.53
இல்லை, தாயக்கட்டை சொல்வது சரி. சில பதிப்புகளில் அந்தக் கோடு விடுபட்டுப்போனது. அச்சுப் பிழை, பிறகு வந்த பதிப்புகளில் சரிசெய்தார்கள். நீலப்படை, உங்கள் பலகையில் கோடு இருக்கிறதா? எல்லாமே அதில்தான் நிற்கிறது.

நீலப்படை · 6.58
அறை பூட்டியிருக்கிறது. எட்டு மணிக்குத்தான் தெரியும். பெட்டி அண்ணனுடையது, பழையது.

கணக்குப்பிள்ளை · 7.15
கோடு இல்லாவிட்டால் எகிப்து வழி. அங்கே 8. சராசரி இழப்பு 6.6, ஒன்று விட்டால் மிஞ்சுவது 6 சொச்சம். கிழக்கு ஆப்பிரிக்காவில் இன்னும் 2.3, ஒன்று விட வேண்டும். மடகாஸ்கர் வாசலில் மூன்று பேர் நிற்பார்கள். மூன்று பேரில் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும் என்பதால் இரண்டு பகடைதான், ஒரு வீச்சுக்கு 57.87%. நடுவில் எங்காவது பகடை முரண்டினால் வழியிலேயே நின்றுவிடுவீர்கள், மஞ்சளின் மிச்சத்தைச் சிவப்பு தின்றுவிடுவார். கோடு இல்லாவிட்டால் என் ஆலோசனை: மத்திய கிழக்குக்குப் போய்ச் சேரும்போது 16-க்குக் குறைவாக இருந்தால் நிறுத்துங்கள்.

மழைக்குருவி · 7.21
நிறுத்தி? மஞ்சளை மடகாஸ்கரில் ஒற்றைப் படையோடு விட்டால் சிவப்புக்கு நீங்களே இலை போட்டுப் பரிமாறியது போல ஆகும். ஒன்று, சயாமோடு நிற்க வேண்டும். இல்லையென்றால் கடைசிவரை போக வேண்டும். முதலில் விதியைப் பேசிக்கொள்ளுங்கள்: கோடு இருப்பதாகக் கொள்வதா என்று பகடையைத் தொடுவதற்கு முன்பே நால்வரும் முடிவெடுங்கள். ஆனால் நீங்களாக அந்தப் பேச்சை எடுத்தால் சிவப்புக்குப் புரிந்துவிடும். பச்சையை எடுக்கச் சொல்லுங்கள்.

தாயக்கட்டை · 7.26
துண்டு மறக்க வேண்டாம்.

கிள்ளான்வாசி · 7.38
என் கருத்து மாறவில்லை. ஆனால் சயாமில் 3 வைத்தது உறுத்தத்தான் செய்கிறது.

நீலப்படை · இரவு 11.52
கோடு இல்லை. சிவப்பு ஒத்துக்கொள்ளவும் இல்லை. மத்திய கிழக்கில் 15 இருந்தது, எகிப்து வழியாகப் போனேன். மடகாஸ்கரில் இரண்டாவது வீச்சில் முடிந்தது. 35 கிடைத்தது. மஞ்சள் பேச மறுக்கிறான். ஆட்டம் போகிறது, பிறகு வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

கணக்குப்பிள்ளை · 11.58
15-ஆ! நிறுத்தச் சொன்னேனே. சரி, 35-ஐ எங்கே இறக்கினீர்கள்?

கணக்குப்பிள்ளை · மறுநாள் காலை 9.20
எங்கே இறக்கினீர்கள்?

பழம்புலி · 10.05
முதலிலேயே நான் சொன்னதுதான். அனுபவம் பேசும்போது கேட்டுக்கொண்டால் நல்லது.

மழைக்குருவி · 10.11
நீங்கள் சயாமில் உட்காரச் சொன்னீர்கள். மேலே இருக்கிறது, 4.33.