முன்னறிவிப்பு அனுப்பியும் தோட்டக்காரர் நம்புறாங்க இல்லை. வானிலைத் தகவலை எப்படிப் பயன்படும்படி சொல்வது?

ஊவா_மரக்கறி:
எல்லாருக்கும் வணக்கம். இலங்கையின் ஊவா மாகாணத்தில் வெலிமடை, போரலந்தைப் பக்கம் உருளைக்கிழங்கு, போஞ்சி, கரட் போடுற ஆட்களுக்காக ஒரு வட்ஸ்அப் குழு நடக்குது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலை அப்படியே அதில் போடுறோம். "மத்திய மலைநாட்டின் சில இடங்களில் 75 மி.மீ. மழை" என்று வந்த நாளில் இங்கே தூறல்கூட இல்லை. ஒன்றும் பெரிதாகச் சொல்லாத நாளில் பிற்பகல் கொட்டி, காலையில் அடிச்ச மருந்து கழுவுப்பட்டுப் போகுது. இப்போ ஆட்கள் படிக்கிறதையே விட்டுட்டாங்க. பிழை முன்னறிவிப்பிலா, நாங்க சொல்ற விதத்திலா? செலவழிக்கப் பெரிதாகக் காசும் இல்லை.

மலைமுகடு:
தம்பி, முன்னறிவிப்பு முழு மாகாணத்துக்கு வருது, மழை மலைக்கு மலை வேறாக விழுது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியா என்ற மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டுத்தான் மலையைத் தாண்டும். வெலிமடைக்கும் பண்டாரவளைக்கும் வந்து சேர்றது காய்ந்த காற்று. ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுறதும் அந்தக் காற்றில்தான். உங்களுக்கு மழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரைக்கும். இன்னொன்று, வலப்பனை நுவரெலியா மாவட்டத்தில் இருந்தாலும் மழைக்கு அது உங்கள் பக்கம். அதனால் மாவட்டப் பெயரை நம்பாதீங்க, எந்தச் சரிவு என்று பாருங்க.

மார்ச் - ஏப்ரலும் ஒக்டோபர் - நவம்பரும் வேறு கதை. "பிற்பகல் 2 மணிக்குப் பின் இடியுடன் கூடிய மழை" என்று தினமும் வருமே, அதைச் சும்மா சொல்றாங்க என்று விடக்கூடாது. காலை வெயிலில் மலை சூடாகி, பிற்பகலில் மேகம் எழும்பிக் கொட்டும். எந்தத் தோட்டத்தில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது, எத்தனை மணிக்குப் பிறகு என்று சொல்லலாம். மருந்தடிக்கிறவருக்கு அந்த நேரம் போதும்.

முதலில் குழுவில் நாலைந்து தோட்டத்தில் மழைமானி வையுங்க. சொந்த அளவு இல்லாமல் முன்னறிவிப்பு சரியா பிழையா என்ற பேச்சே எடுபடாது.

ஊவா_மரக்கறி:
மழைமானி கடையில் விலை கூட. போத்தலில் செய்தால் சரிவருமா அண்ணா?

மழைமானி_கணக்கு:
சரிவரும், ஆனால் அதிகம் பேர் பிழைவிடுகிற இடமும் அதுதான். நடுவில் இடுப்பு ஒடுங்கிய போத்தல் வேண்டாம். பக்கம் நேராக இருக்கிற 1.5 அல்லது 2 லீற்றர் சோடாப் போத்தலை எடுங்கள். கழுத்துச் சரிவு முடிகிற இடத்தில் வெட்டி, மேல்பகுதியைக் கவிழ்த்துப் புனலாக உள்ளே வையுங்கள். அடி குழிவாக இருப்பதால் சின்னக் கல் போட்டு, அதை மூடும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் கோடு போடுங்கள். அதுதான் பூச்சியம். அங்கிருந்து அளவுகோலை நிறுத்தி ஒட்டினால், வாயும் உடம்பும் ஒரே அகலம் என்பதால் 1 மி.மீ. உயரம் 1 மி.மீ. மழையைக் காட்டும்.

போத்தல் நேராக இல்லையென்றால், தேங்கிய தண்ணீரை ஊசி மருந்துச் சிரிஞ்சால் உறிஞ்சி மி.லீ. கணக்கில் அளந்து பாருங்கள். இந்த முறையில் கல்லும் பூச்சியத் தண்ணீரும் தேவையில்லை. புனல் வாயின் விட்டம் சென்ரிமீற்றரில் எவ்வளவோ, அதை அதாலேயே பெருக்கி, பிறகு 0.0785ஆல் பெருக்கினால் 1 மி.மீ. மழைக்கு எத்தனை மி.லீ. என்று வரும். 10 செ.மீ. வாய்க்கு 7.85 மி.லீ. ஆக, 157 மி.லீ. இருந்தால் 20 மி.மீ. மழை.

சரிவில் குத்திவைத்தால் போத்தல் சாய்ந்துபோகும். கம்பில் கட்டி, வாய் மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து மரம், கூரை எதுவானாலும் போத்தல் வாய்க்கு மேலே எவ்வளவு உயர்ந்து நிற்கிறதோ, அதன் இரண்டு மடங்கு தூரம் தள்ளி இருக்கவேண்டும். தினமும் காலை 8.30க்குப் பாருங்கள், திணைக்களமும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது. வெயில் நாளில் பூச்சியக் கோட்டுத் தண்ணீர் ஆவியாகிக் குறையும். அதை நிரப்பாமல் விட்டால் அடுத்த மழை குறைவாகத்தான் காட்டும்.

நுவரெலியா_லீக்ஸ்:
அளவு வந்த பிறகு அதை வேலையோடு கட்டவேண்டும். உருளைக்கிழங்கின் பின் வெளிறல் (late blight) நோய்க்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது: அடுத்தடுத்த இரண்டு நாளும் குறைந்த வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்காமல், ஒவ்வொரு நாளும் 6 மணி நேரமாவது ஈரப்பதன் 90 வீதத்துக்கு மேல் இருந்தால் நோய் பாய்வதற்கு வழி திறந்துவிட்டது. ஈரப்பதன் கருவி இல்லாதவர்கள், மூடுபனி எத்தனை மணி நேரம் நின்றது, இலை எத்தனை மணிக்குக் காய்ந்தது என்று எழுதிவைக்கலாம். மன்கோசெப் போன்றவை இலையின் மேல் படிந்து காக்கிற மருந்து, நோய் உள்ளே போன பிறகு பலனில்லை. அதனால் அடை மழைக்கு முன்னால் அடிக்கவேண்டும், ஈர இலையில் அடிக்கக்கூடாது, குறைந்தது இரண்டு மணி நேரம் காயவிடவேண்டும். 25 மி.மீ. மழை கிட்டத்தட்டப் பாதி மருந்தைக் கழுவிவிடும், 50க்கு மேல் போனால் பெரும்பகுதி போய்விடும். இங்கேதான் போத்தல் அளவு கைகொடுக்கும். மேல் தோட்டத்தில் 30 மி.மீ., கீழே 4 மி.மீ. என்றால் மேலே மட்டும் திரும்ப அடித்தால் போதும். எல்லாரும் அடித்தால் காசும் வீண், மண்ணும் கெடும். திரும்ப அடிக்க முன் லேபலில் உள்ள இடைவெளியைக் கட்டாயம் பாருங்கள்.

ஜனவரி, பெப்ரவரியில் எங்கள் பக்கம் உறைபனிதான் கவலை. மாலையில் வானம் தெளிந்து காற்றும் நின்றுவிட்டால் அன்றே தகவல் போகவேண்டும். வானிலை நிலையத்தில் தரைக்கு மேலே பெட்டிக்குள் தொங்குகிற வெப்பமானி 4 பாகை காட்டும்போதே தரையில் இலை உறையலாம். முதல் நாள் மாலைக்குள் மண்ணை நன்றாக நனைத்தால் ஈர மண் பகல் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் விடும். காய்ந்த புல்லைப் பாத்தியில் பரப்பினால் மண் சூடு மேலே வராமல் பயிர் இன்னும் குளிரும். மூடுவதென்றால் பயிருக்கு மேலேதான் மூடவேண்டும். தண்ணீர் தெளித்துக் காப்பவர்கள் பனிக்கட்டி உருகும்வரை நிறுத்தக்கூடாது. பாதியில் நிறுத்தினால் தெளிக்காததைவிட மோசம்.

தேயிலைச்_சிறுதோட்டம்:
தேயிலைக்காரரும் குழுவில் இருந்தால் அவர்களுக்கு மழை அளவோடு வெயில் நேரத்தையும் சொல்லுங்க. தேயிலைக் கொழுந்தில் வருகிற கொப்புள நோய் தொடர்ந்து மூடலான நாட்களில்தான் ஏறும். கவ்வாத்து வெட்டி (செடியைக் கத்தரித்து) மீண்டு வருகிற தேயிலை மலைக்கு அது பெரிய அடி.

மலைமுகடு:
தகவல் இந்த மாதிரி இருக்கட்டும்: "நாளை புதன். காலையில் மழைக்கு இடம் குறைவு, 2 மணிக்குப் பின் இடிமழை வரலாம். கிழங்குக்கு மருந்தடிப்பவர்கள் இலை காய்ந்த பிறகு 8க்கும் 10க்கும் இடையில் முடியுங்கள். யூரியா வேண்டாம், கனமழை வந்தால் அடித்துக்கொண்டு போகும். வியாழன் காலை அளவு பார்த்துச் சொல்கிறோம். இன்றைய அளவு: மேல்கரை 18 மி.மீ., கீழ்க்கரை 4 மி.மீ."

இதைக் குரல் பதிவாகவும் போடுங்க, வாசிக்கச் சிரமப்படுற பெரியவங்க கேட்பாங்க. தகவல் பிழையாகிப் போனால் அடுத்த நாளே "நேற்றுச் சொன்னது பிழையாகிவிட்டது" என்று போடணும். பயிர்ச் சந்தேகத்துக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920.

மழைமானி_கணக்கு:
அதே போத்தல் உயிரையும் காக்கும். மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எல்லைகள்: 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் அவதானம், 100 என்றால் தயார்நிலை, 150 என்றால் வெளியேற்றம். ஒரு மணி நேரத்தில் 75 விழுந்தாலும் வெளியேற்றம்தான். கடும் மழை நாளில் காலை 8.30க்குக் காத்திருக்க வேண்டாம், மாலையிலும் படுக்கப்போக முன்னும் பாருங்கள். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே நிலத்தில் வெடிப்பு, மரம் சாய்தல், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குதல் தெரிந்தால் அளவையும் பார்க்கவேண்டாம், ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்குங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

ஊவா_மரக்கறி:
பெரிய உதவி. முதலில் ஐந்து போத்தல், மேல்கரையில் மூன்று, கீழே இரண்டு. விட்டம் அளந்து, 1 மி.மீ. மழைக்கு எத்தனை மி.லீ. என்பதைப் போத்தலிலேயே எழுதி ஒட்டுறோம்.