தலையாட்டினால் சம்மதம் ஆகிவிடுமா?

பழைய செவிலி:
சர்க்கரை நோய் பற்றிய இழையில் கடைக்குட்டி என்பவர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "எண்பது தாண்டி, நாலைந்து நோயும் இருப்பவரிடம் எல்லாவற்றையும் விளக்கிக் குழப்பக் கூடாது. பிள்ளைகள் நாங்கள் கூடிப் பேசி முடிவெடுத்தோம், டாக்டரிடம் சொன்னோம், அம்மாவும் தலையாட்டினார். இதற்கு மேல் என்ன கேட்க வேண்டும்?"

இருபத்தாறு வருடம் முதியோர் வார்டில் வேலை பார்த்தவள் நான். காது கேட்காதவர் தலையாட்டுவார். களைத்துப் போனவர் தலையாட்டுவார். எதிரே நிற்பது பெற்ற மகன், அவனை ஏன் வருத்த வேண்டும் என்று நினைப்பவரும் தலையாட்டுவார். ஒரு பெரியவரிடம் அவருடைய காலை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். தலையாட்டினார். டாக்டர் நகர்ந்ததும் என் கையைப் பிடித்து, "எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள்?" என்று கேட்டார். அவருடைய காது மெஷின் பக்கத்து மேசை இழுப்பறையில் கிடந்தது. எடுத்து மாட்டிவிட்டு, டாக்டரைத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தேன். இந்த முறை அவர் கேட்டது, "எடுக்காவிட்டால் எத்தனை நாள் தாங்கும்?" ஒரே மனிதர், ஒரே செய்தி. முதல் தலையாட்டலை நம்பியிருந்தால் அன்றே கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள்.

கடைக்குட்டி:
என் பெயரைப் போட்டுத் தனி இழையே திறந்துவிட்டீர்கள். சந்தோஷம். என் அம்மாவுக்கு இதயம் பலவீனம், சிறுநீரகம் போய்விட்டது, சர்க்கரை, ஞாபக மறதி, ஒரு நாளைக்குப் பதினான்கு மாத்திரை. டயாலிசிஸ் தொடங்குவதா வேண்டாமா என்று மூன்று நாளில் முடிவு சொல்லச் சொன்னார்கள். அந்த மூன்று நாளும் நான் தூங்கவில்லை. அம்மா தலையாட்டினார். நாற்பத்தேழு வருடமாக நான் பார்க்கும் தலையாட்டல் அது. எது ஆமாம், எது சும்மா என்று எனக்குத் தெரியும். வார்டில் ஒரு வாரம் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குத் தெரியாது.

நடுவழி:
முதலில் 'சம்மதம்' என்று எதைச் சொல்கிறோம், 'பங்கேற்பு' என்று எதைச் சொல்கிறோம் என்று ஒரு வார்த்தை பேசிக்கொண்டால் நல்லது. இரண்டும் வேறு.

பழைய செவிலி:
கடைக்குட்டி தம்பி, தெரியும் என்கிறீர்கள். 2006-ல் இதைப் பற்றி நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நோயாளி என்ன விரும்புவார் என்று அவருடைய நெருங்கிய உறவினரையே சொல்லச் சொன்னதில், சரியாகச் சொன்னது 68 சதவீதம். மூன்றில் ஒன்று தவறு. அவர்களும் பல வருடம் கூடவே வாழ்ந்த கணவன், மனைவி, பிள்ளைகள்தான்.

அம்மா தலையாட்டியபோது காது மெஷின் மாட்டியிருந்தாரா? டயாலிசிஸ் என்றால் வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் போல நாற்காலியில் இருக்க வேண்டும் என்று அவருக்கு யாராவது சொன்னார்களா?

கடைக்குட்டி:
தம்பி என்று அழைக்க வேண்டாம். நமக்குள் அந்தப் பழக்கம் இல்லை. போன மாதம் இதே இடத்தில் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு, 7-க்குக் கீழே இருந்தே ஆக வேண்டும் என்று நான் சொன்னபோதும் இப்படித்தான் வரிந்து கட்டிக்கொண்டு வந்தீர்கள். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

பழைய செவிலி:
போகவில்லைதான். பல நோய் சேர்ந்த முதியவர்களுக்கு 8 வரை விடலாம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமே சொல்கிறது. 7-க்குக் கீழே இறக்கப் பார்த்து, சர்க்கரை தாழ்ந்து விழுந்து இடுப்பு உடைந்தவர்களைத் தூக்கிப் படுக்கையில் போட்டவள் நான். அங்கேயும் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, "கண்டிப்பான கட்டுப்பாடு வேண்டுமா, விழாமல் இருப்பது வேண்டுமா" என்று. ஆனால் பேச்சை மாற்ற வேண்டாம். காது மெஷின் இருந்ததா?

தூரதேசத்து மகள்:
செவிலி அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. என் அப்பாவுக்கு வயிற்றில் குழாய் வைக்க என் அண்ணன்கள் இரண்டு பேரும் முடிவெடுத்தார்கள். மறதி நோய் முற்றிய நிலை. அந்த நிலையில் குழாய் ஆயுளைக் கூட்டுவதில்லை, கையால் பக்குவமாக ஊட்டுவதே மேல் என்று முதியோர் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதைப் படித்துச் சொன்னேன். "அப்பா தலையாட்டிவிட்டார்" என்றார்கள். அப்பா அப்போது எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலைத் திறக்கவா என்றாலும் தலையாட்டுவார், மூடவா என்றாலும் தலையாட்டுவார்.

கடைக்குட்டி:
வந்துவிட்டார்கள், போனில் வைத்தியம் பார்ப்பவர்கள். ராத்திரி மூன்று மணிக்குப் படுக்கை நனைந்தால் மாற்றுவது யார்? அந்த அண்ணன்கள்தானே? தூரத்தில் உட்கார்ந்து கட்டுரை படிப்பது சுலபம்.

தூரதேசத்து மகள்:
மாற்றியது என் அண்ணிகள். அவர்களிடமும் யாரும் கேட்கவில்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். குழாயைப் பிடுங்காமல் இருக்க அப்பாவின் கைகளைத் துணியால் கட்டிவைத்ததை வீடியோ அழைப்பில் நான் பார்த்தேன். அந்தப் பிடுங்கலை யாரும் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லையே.

மருந்துச்சீட்டு:
நான் மருந்தாளுநர். பதினான்கு மாத்திரை என்றதும் எனக்கு வேறு கேள்வி வருகிறது. தூக்கத்துக்கு, அரிப்புக்கு, சிறுநீர் அவசரத்துக்கு என்று கொடுக்கும் சில மருந்துகளே முதியவர்களின் புத்தியை மந்தமாக்கும். நீர்ச்சத்துக் குறைவு, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் எது வந்தாலும் டெலிரியம் என்கிற திடீர்க் குழப்பம் வரலாம். அது காலையில் தெளியும், மாலையில் கூடும். சிலர் கத்தாமல், அமைதியாகச் சுருண்டுவிடுவார்கள். அப்படி இருப்பவரை வீட்டார், 'சொன்னதற்கெல்லாம் சரி என்கிறார்' என்று சொல்வார்கள். மாலை ஆறு மணிக்குக் கேட்டதைக் காலை பத்து மணிக்குக் கேட்டுப் பார்த்தீர்களா? மாத்திரைகளை யாராவது மறுபரிசீலனை செய்தார்களா?

இன்னொன்று. விழுங்க மறுப்பவருக்குப் பொடித்து உணவில் கலந்து கொடுக்கிறீர்களா? மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும்.

கடைக்குட்டி:
கலந்துதான் கொடுக்கிறோம். இல்லாவிட்டால் துப்பிவிடுவார்.

பழைய செவிலி:
துப்புவதும் ஒரு பேச்சுதான். தலையாட்டினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள், துப்பினால் மட்டும் 'புரியாமல் செய்கிறார்' என்கிறீர்கள். நமக்கு வேண்டிய பதில் வரும்போது அம்மாவுக்குப் புத்தி தெளிவு, வேண்டாத பதில் வரும்போது மறதி நோய். வார்டில் நான் தினம் பார்த்த வழக்கு இது.

மறதி நோய் என்ற பெயர் வந்தாலே ஒருவர் முடிவெடுக்கும் தகுதியை இழந்துவிடுவதில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளுக்கான 2005-ம் ஆண்டு மனத்திறன் சட்டம் இதைத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறது. திறன் உண்டு என்றே தொடங்க வேண்டும். புரியவைக்க முடிந்த எல்லா வழியையும் முயன்று பார்க்காமல் திறன் இல்லை என்று சொல்லக் கூடாது. மற்றவர் கண்ணுக்கு முட்டாள்தனமாகத் தெரியும் முடிவை எடுத்தார் என்பதாலேயே திறன் போனதாக ஆகாது. திறனும் அந்தந்த முடிவுக்கு, அந்தந்த நேரத்துக்கு. வீட்டை விற்கும் கணக்கு புரியாதவருக்கு, "என் உடம்பில் ஊசி குத்த வேண்டாம்" என்பது நன்றாகவே புரியலாம். கொஞ்ச நேரம் மட்டும் நினைவில் வைத்து யோசித்துச் சொன்னாலும் அது செல்லும்.

நான் செய்தது பெரிய வித்தை எதுவும் இல்லை. கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் முதலில் மாட்டிவிடுவேன். டிவியை அணைப்பேன். உட்கார்ந்துகொண்டு, ஒரு நேரத்தில் ஒரே விஷயம் சொல்வேன். பிறகு, "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் வாயால் சொல்லுங்கள்" என்பேன். பேச முடியாதவருக்கு படம் காட்டுவேன். ஒரே கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேட்பேன். "வேண்டுமா" என்றாலும் தலையாட்டி "வேண்டாமா" என்றாலும் தலையாட்டினால், இன்றைக்குப் பதில் கிடைக்கவில்லை என்று எழுதிவைப்பேன். இதற்கெல்லாம் கால் மணி நேரம் போதும்.

நடுவழி:
செவிலியம்மா, கால் மணி நேரம் என்பது உங்களுக்குச் சுலபம். ஒரு டாக்டருக்கு ஒரு காலையில் எத்தனை பேர்? மேலும், சில முதியவர்கள் தாங்களே, "எனக்கு எதுவும் சொல்லாதே, மகனிடம் சொல்" என்கிறார்கள். அதுவும் அவர்கள் முடிவுதானே? அதனால்தான் முதலிலேயே வரையறை கேட்டேன்.

பழைய செவிலி:
அப்படி வாய்விட்டுச் சொன்னால் அதை மதிப்பேன். ஆனால் அதைச் சொன்னது அவரா, மகனா?

கடைக்குட்டி:
எல்லாரும் சேர்ந்து என்னைக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். டயாலிசிஸ் வேண்டாம் என்று விட்டிருந்தால் அம்மா இன்று இருந்திருக்க மாட்டார். அப்போது, "பெற்ற தாயைக் கைவிட்டவன்" என்று இதே ஆட்கள் எழுதியிருப்பீர்கள்.

பழைய செவிலி:
இருந்திருக்க மாட்டார் என்று யார் சொன்னது? 75 தாண்டி, இதய நோயும் சேர்ந்தவர்களுக்கு டயாலிசிஸால் கூடும் ஆயுள் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டயாலிசிஸ் இல்லாமலும் மூச்சிரைப்பு, அரிப்பு, ரத்தசோகை எல்லாவற்றுக்கும் வைத்தியம் செய்துகொண்டு வீட்டிலேயே இருக்கும் வழி உண்டு. அதைக் கைவிடுவது என்று சொல்லவே மாட்டேன். அந்த இரண்டாவது வழியை அம்மாவிடம் சொன்னீர்களா? சொல்லிவிட்டு அவர் டயாலிசிஸையே கேட்டிருந்தால் நான் வாயே திறக்க மாட்டேன்.

கடைக்குட்டி:
எங்களுக்கே அதை யாரும் சொல்லவில்லை. ஒரே ஒரு தாளை நீட்டினார்கள்.

தூரதேசத்து மகள்:
அதைத்தானே இவ்வளவு நேரம் சொல்கிறோம்.

கடைக்குட்டி:
நீங்கள் சொன்னது அது இல்லை. தலையாட்டியது பொய் என்றீர்கள். என் அம்மா தலையாட்டியது உண்மை. நான் பக்கத்தில் இருந்தேன், நீங்கள் யாரும் இல்லை.

பழைய செவிலி:
தலையாட்டியது உண்மைதான். எதற்கு ஆட்டினார் என்பதுதான் என் கேள்வி. மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன், காது மெஷின் இருந்ததா?

கடைக்குட்டி:
அதற்கு நான் உங்களிடம் பதில் சொல்ல வேண்டியதில்லை. நாளை காலை ஆறு மணிக்கு டயாலிசிஸ், சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும். இனி இந்த இழைக்கு வர மாட்டேன்.

பழைய செவிலி:
போகும்போது மெஷினை மாட்டிவிட்டுக் கூட்டிப்போங்கள். பேட்டரியும் பாருங்கள்.

கடைக்குட்டி:
பேட்டரி எல்லாம் எனக்குத் தெரியும்.

மருந்துச்சீட்டு:
பொடித்துக் கலக்கும் மாத்திரைகள் எவை என்று நான் கேட்டது அப்படியே நிற்கிறது.