ரெஸ்டோரேஷன்ல இருக்கிற பழைய போர் விமானத்தோட உண்மையான வரலாறை எப்படி கண்டுபிடிக்கிறது?

காகிதராக்கெட்:
வணக்கம் மக்களே. போன மாசம் ஒரு ரெஸ்டோரேஷன் ஹேங்கருக்குள்ள போய் பாக்குற வாய்ப்பு கிடைச்சுது. உள்ள ஒரு ஸ்பிட்ஃபயர் மார்க் 9 (ரெண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் போர் விமானம், மார்க்-னா அதோட மாடல்), பாடியை மட்டும் ஜிக்ல, அதாவது அசையாம பிடிச்சு வைக்கிற சட்டத்துல, ஏத்தி வச்சிருக்காங்க, றெக்கை தனியா ஒரு ஸ்டாண்டுல நிக்குது, பாதி இடத்துல தகடே இல்ல, உள்ள இருக்கிற ஃபிரேம், ஒயர், பைப்பு எல்லாம் அப்படியே தெரியுது. மியூசியத்துல பளபளன்னு நிக்கிறதை பாத்தப்போ வராத கிறுக்கு இப்போ புடிச்சிடுச்சு, தூக்கமே வரல.

இப்போ பிரச்சினை என்னன்னா, வெளிய வச்சிருக்கிற போர்டுல எம்கே-ன்னு ஆரம்பிக்கிற ஒரு நம்பர். உள்ள சின்ன பித்தளை பிளேட்டுல சிபிஏஎஃப்-னு ஆரம்பிச்சு சம்பந்தமே இல்லாத வேற நம்பர். உள்பக்கம் ஒரு பாகத்துல 300-ன்னு ஆரம்பிக்கிற இன்னொரு நம்பர் பன்ச் பண்ணிருக்கு. பக்கத்துல நின்ன ஒருத்தர் "300-ன்னா மார்க் 1 ஓட பார்ட்டு, இது பல விமானத்தை ஒட்டுப்போட்டது, டூப்ளிகேட்டு"ன்னு சொல்லிட்டு போயிட்டாரு. வீட்டுக்கு வந்து போர்டுல இருந்த ஸ்குவாட்ரன் எழுத்தை வச்சு நெட்ல தேடினா அதே எழுத்தோட நாலஞ்சு வேற வேற விமானம் போட்டோ வருது.

எந்த நம்பரை நம்புறது? ரெக்கார்டு எல்லாம் எங்க இருக்கும்? அடுத்த தடவை போனா என்ன பாக்கணும், என்ன கேக்கணும்? கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க ப்ளீஸ்.

ரிவெட்டுராசா:
அந்த ஆள் பேச்சை விடுங்க தம்பி. 300-ங்கிறது சூப்பர்மரைன் கம்பெனியோட டிசைன் டைப் நம்பர், முதல் ஸ்பிட்ஃபயர் டைப் 300, மார்க் 9 டைப் 361. ஒரு பாகத்தை முதல்ல எந்த டைப்புக்கு வரைஞ்சாங்களோ அந்த டிராயிங் நம்பர்தான் அதுல பன்ச் ஆகும், பின்னாடி வந்த மார்க்ல அந்த பாகத்தை மாத்தாம அப்படியே போட்டிருந்தா நம்பரும் மாறாது. அதனால மார்க் 9 உள்ள 300 இருக்கிறது ரொம்ப சாதாரணம். தலைகீழா இருந்தாதான் சந்தேகப்படணும், அதாவது மார்க் 1-னு சொல்ற விமானத்துல 361 பாகம் இருந்தா அது எப்படி வந்துச்சுன்னு கேளுங்க.

நம்பர் விஷயம். வண்டிக்கு நம்பர் பிளேட்டு, சேசிஸ் நம்பர்னு ரெண்டு இருக்கில்ல, அதே கதைதான். எம்கே-ன்னு ஆரம்பிக்கிறது ராயல் ஏர்ஃபோர்ஸ் குடுத்த சீரியல். சிபிஏஎஃப்-னா காசில் பிராம்விச் ஏர்கிராஃப்ட் ஃபேக்டரி, அது ஃபேக்டரி போட்ட கன்ஸ்ட்ரக்டர் நம்பர். ரெண்டும் ஒண்ணா இருக்கவே இருக்காது. எந்த ஃபேக்டரி நம்பர் எந்த சீரியலா வெளிய போச்சுன்னு சேத்து வச்ச பட்டியல் புத்தகமா வந்திருக்கு, ஏர்-பிரிட்டன் போட்ட சீரியல் புத்தகங்கள்ல இருந்து ஆரம்பிங்க. எம்கே சீரியல்ல நிறைய காசில் பிராம்விச்சுல செஞ்ச மார்க் 9 தான், அதனால உங்க போர்டும் பிளேட்டும் ஒண்ணுக்கொண்ணு முரண்னு இப்பவே முடிவு கட்டாதீங்க.

பக்கவாட்டுல பெருசா எழுதுற எழுத்து இருக்கு பாருங்க, ரெண்டு எழுத்து ஸ்குவாட்ரன், ஒரு எழுத்து அந்த விமானம், அதை வச்சு மட்டும் தேடவே தேடாதீங்க. ஒரு விமானம் விழுந்துச்சுன்னா அடுத்து வர்ற விமானத்துக்கு அதே எழுத்தை அடிச்சிடுவாங்க. உங்களுக்கு நாலஞ்சு போட்டோ வந்ததுக்கு காரணம் அதுதான்.

அதுலயும் இப்போ பறக்குற விமானங்கள்ல இருக்கிற பெயிண்ட் பெரும்பாலும் வேற ஒருத்தரோட கதை. இங்கிலாந்துல கானிங்ஸ்பி விமானப்படை தளத்துல இருக்கிற லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் பிஏ 474 சண்டைக்கே போனதில்ல, 1945-ல செஞ்சது, போர் முடிஞ்சப்புறம் ஆப்பிரிக்கால மேப்புக்காக போட்டோ எடுத்துட்டு இருந்துச்சு, ஆனா அது மேல எப்பவும் ஏதாவது ஒரு போர்க்கால லான்காஸ்டரோட எழுத்து இருக்கும். நினைவுக்காக பண்றாங்க, தப்பு சொல்லல, வரலாறு தேடுறவங்க ஏமாறக்கூடாது அவ்ளோதான்.

பழையஃபைல்:
ராசா சார் சொன்னதுக்கு மேல ரெக்கார்டு பக்கம் நான் சொல்றேன், என் ஏரியா அதுதான்.

ராயல் ஏர்ஃபோர்ஸ் விமானம்னா சீரியல் கையில இருந்தா முதல்ல ஃபார்ம் 78 பாருங்க, ஒரு அட்டை மாதிரி, எந்த தேதி எந்த யூனிட்டுக்கு போச்சு, எப்போ ரிப்பேருக்கு வந்துச்சு, எப்போ கணக்குல இருந்து எடுத்தாங்க எல்லாம் ஒரு வரி ரெண்டு வரில இருக்கும். எல்லாம் சுருக்கெழுத்துதான், முதல் தடவை பாக்குறப்போ தலை சுத்தும். எம்யூ-ன்னா மெயின்டனன்ஸ் யூனிட், எஃப்பி-ன்னா சண்டைல அடி, எஃப்ஏ-ன்னா பறக்கும்போது விபத்து, கேட்டகரி இ-ன்னா தேறாதுன்னு தள்ளுபடி. எஸ்ஓசி-ன்னு வந்தா கணக்கு முடிஞ்சுது. விபத்து ஏதாவது இருந்தா ஃபார்ம் 1180-ன்னு தனி அட்டை இருக்கும், அதுல காரணமும் எழுதியிருப்பாங்க.

அந்த அட்டைல இருந்து ஸ்குவாட்ரனும் தேதியும் கிடைச்சதும் லண்டன்ல கியூ-ங்கிற இடத்துல இருக்கிற நேஷனல் ஆர்கைவ்ஸ், ஏஐஆர் 27 வரிசை. அதுல ஸ்குவாட்ரனோட ஆபரேஷன்ஸ் ரெக்கார்டு புக் இருக்கு. ஃபார்ம் 540 நாள் சுருக்கம், ஃபார்ம் 541-ல தான் விஷயமே இருக்கு, எந்த விமானம், யாரு ஓட்டினாங்க, எத்தனை மணிக்கு ஏறுச்சு எத்தனை மணிக்கு இறங்குச்சுன்னு வரிவரியா. ஆனா கண்ணை மூடிட்டு நம்பாதீங்க. ராத்திரி டைப் அடிச்ச கிளார்க்கும் மனுஷன்தானே, ஒரு எழுத்து மாறியிருக்கும், சில ஸ்குவாட்ரன்ல சீரியல் எழுதாம ஒத்தை எழுத்து மட்டும் போட்டிருப்பாங்க. ஃபார்ம் 78-ல விமானம் வர்றதுக்கு முன்னாடியே 541-ல பறந்திருந்தா ரெண்டுல ஒண்ணு தப்பு, பைலட்டோட லாக்புக் கிடைச்சா அப்போ ஒத்துப் பாத்து தீத்துக்கலாம்.

அமெரிக்க விமானம்னா ரூட்டே வேற. ஒவ்வொண்ணுக்கும் ரெக்கார்டு கார்டு உண்டு, அலபாமால மேக்ஸ்வெல் தளத்துல இருக்கிற ஏர்ஃபோர்ஸ் ஹிஸ்டாரிக்கல் ரிசர்ச் ஏஜென்சி கிட்ட இருக்கு. காணாமப் போன விமானத்துக்கு மிஸ்ஸிங் ஏர் க்ரூ ரிப்போர்ட்னு ஒண்ணு போடுவாங்க, அதுல எஞ்சின் நம்பர், மெஷின் கன் நம்பர் வரைக்கும் எழுதியிருப்பாங்க. காட்டுக்குள்ள வால் இல்லாம கிடக்குற ஒரு உடைசலை, மண்ணுக்குள்ள இருந்து எடுத்த துப்பாக்கி நம்பரை வச்சு இன்ன விமானம்னு சொல்றது அப்படித்தான்.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஒண்ணு. போர் முடிஞ்சதும் பிரிட்டிஷ்காரங்க நிறைய பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தை கான்பூர்ல, திரும்ப பறக்க முடியாதபடி சிதைச்சு விட்டுட்டு போனாங்க. ஹெச்ஏஎல் ஆளுங்க அதுல இருந்து தேத்தி பெங்களூருக்கே பறக்க வச்சு கொண்டு வந்தாங்க, இந்திய விமானப்படை 1968 வரைக்கும் ஓட்டுச்சு. இன்னைக்கு உலகத்துல மிச்சம் இருக்கிற கொஞ்சூண்டு லிபரேட்டர்ல டெல்லி பாலம் விமானப்படை மியூசியத்துல இருக்கிறது, கனடா ஒட்டாவால இருக்கிறது, அமெரிக்கால அரிசோனா பீமா மியூசியத்துல இருக்கிறது, பிரிட்டன்ல ஆர்ஏஎஃப் மியூசியத்தோடது, அமெரிக்கால காலிங்ஸ் ஃபவுண்டேஷன் வச்சிருக்கிறது, எல்லாம் அந்த வழியா வந்ததுதான். காலிங்ஸோட விமானம் அமெரிக்க கணக்குல 44-44052, பிரிட்டன் கணக்குல கேஹெச் 191, அப்புறம் நம்ம ஏர்ஃபோர்ஸ் தனியா ஒரு நம்பர் போட்டுச்சு. வால்ல முதல் 4-ஐயும் கோட்டையும் விட்டுட்டு 444052-னு எழுதுற வழக்கம் வேற. ஒரு நம்பரை மட்டும் புடிச்சு தேடினா பாதி வாழ்க்கை காணாமப் போயிடும். அது மேல "விட்ச்கிராஃப்ட்"னு ஐரோப்பால பறந்த வேற லிபரேட்டரோட பேரு எழுதியிருக்கு, சரக்கு மட்டும் கான்பூர் சரக்கு!

மெர்லின்வி12:
எல்லாரும் நம்பர்லயே நிக்கிறீங்க. இரும்பு எங்க பழசு எங்க புதுசுன்னு யாரும் பேசலையே? காகிதராக்கெட், அந்த ஆள் டூப்ளிகேட்டுன்னு சொன்னது முழுசா தப்பில்ல. கடற்கரைல புதைஞ்சு கிடந்த பிளேட்டையும் நாலு பாகத்தையும் வச்சுகிட்டு மீதியை புதுசா செஞ்சு, 1940 விமானம்னு பறக்க விடுறாங்க. பி 9374-ங்கிற ஸ்பிட்ஃபயர் 1940 மே மாசம் பிரான்ஸ்ல கலே பீச்சுல இறங்கினது, 1980-ல மணல்ல இருந்து வெளிய தெரிஞ்சுது, 2011-ல பறந்துச்சு. நாப்பது வருஷம் உப்புத்தண்ணில கிடந்த அலுமினியம் எவ்ளோ தேறும்னு நீங்களே சொல்லுங்க. எனக்கு இதை பழைய விமானம்னு ஒத்துக்க மனசு வரல.

ரிவெட்டுராசா:
மனசு வரலைன்னா பரவால்ல, ஆனா பறக்கணும்னா வேற வழியில்லையே. ஸ்பிட்ஃபயர் ஸ்பார், அதாவது றெக்கையைத் தாங்குற முக்கிய உத்திரம், பாத்திருக்கீங்களா, சதுரக் குழாய்க்குள்ள குழாய், அதுக்குள்ள இன்னொரு குழாய்னு சொருகி வச்சது, உள்ள அரிச்சிருந்தா வெளிய தெரியாது. அதை பழசுதான்னு அப்படியே போட்டு ஒருத்தரை ஏத்தி அனுப்ப முடியுமா? மஸ்கீட்டோ-ங்கிற பிரிட்டிஷ் போர் விமானம் இன்னும் மோசம், மரமும் பசையும், உளுத்துப்போச்சுன்னா அவ்ளோதான். நியூசிலாந்துல தேத்தி 2012-ல பறந்த கேஏ 114-க்கு பாடியும் றெக்கையும் அச்சு செஞ்சு புதுசா பண்ணினது, பழைய ஃபிட்டிங்ஸ் எது தேறுச்சோ அதை திரும்பப் போட்டாங்க.

பழைய உலோகம்தான் வேணும்னா பறக்காத ரெஸ்டோரேஷனை பாருங்க. அமெரிக்கா வர்ஜீனியால ஸ்மித்சோனியன் விமான மியூசியத்தோட உட்வர்-ஹேஸி சென்டர்ல மேல இருந்து கண்ணாடி வழியா ஹேங்கருக்குள்ள எட்டிப் பாக்கலாம். அவங்க கிட்ட இருக்கிற ஃப்ளாக்-பெய்ட்-ங்கிற பி-26 குண்டுவீச்சு விமானம் இருநூறு மிஷனுக்கு மேல போய் வந்தது, ஆயிரத்துக்கும் மேல ஓட்டை அடைச்ச ஒட்டு இருக்கு. பெயிண்ட் எல்லாம் சுரண்டி புதுசா அடிக்காம அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே காப்பாத்துறதுதான் அங்க வேலை.

இன்னொரு பக்கம் இங்கிலாந்துல எல்விங்டன் மியூசியத்துல இருக்கிற ஹாலிஃபேக்ஸ் குண்டுவீச்சு விமானம். ஸ்காட்லாண்ட் தீவுல கோழிக்கூண்டா கிடந்த ஒரு பாடித்துண்டு, ஹேஸ்டிங்ஸ் விமானத்தோட றெக்கை, மீதி கைல செஞ்சது. அதை அவங்க மறைக்கல, வெளிப்படையாவே சொல்றாங்க. என் கணக்குல டூப்ளிகேட்டுங்கிறது மறைச்சு விக்கிறவங்களுக்கு சொல்ல வேண்டிய வார்த்தை, செய்யிறவங்களுக்கு இல்ல.

மெர்லின்வி12:
சரி சார், மறைக்காம எத்தனை பர்சன்ட் பழசுன்னு போர்டுல எழுதட்டும், நான் ஒத்துக்கிறேன். எழுத மாட்டாங்க பாருங்க 😄

காகிதராக்கெட்:
அண்ணன்களா சண்டை போடாதீங்க, நிறைய கத்துக்கிட்டேன். மறுபடி போறப்போ என்ன பண்ணலாம் என்ன பண்ணக்கூடாது, அதையும் சொல்லிடுங்க. காக்பிட் உள்ள உக்கார விடுவாங்களான்னு கேக்கலாமா?

பழையஃபைல்:
கேக்கலாம், ஆனா பாக்கெட்ல இருக்கிற பேனா, சாவி, காசு எல்லாம் எடுத்து வெளிய வச்சிட்டு கேளுங்க. உள்ள ஒரு பேனா விழுந்து கண்ட்ரோல் கேபிள் பக்கம் போச்சுன்னா சீட்டையே கழட்டணும், அப்புறம் யாரையும் உள்ள விட மாட்டாங்க. தகடு மேல சாயாதீங்க, மோதிரம் வாட்ச்சு கீறும்.

ரெண்டு விஷயம் சீரியஸா சொல்றேன். பழைய டயல்ல இருட்டுல மின்னுறதுக்கு ரேடியம் பெயிண்ட் அடிச்சிருப்பாங்க. இப்போ மின்னல, அதனால ஒண்ணுமில்லன்னு நினைக்காதீங்க, மின்ன வைக்கிற பொருள்தான் கெட்டுப்போயிருக்கும், ரேடியம் அப்படியேதான் இருக்கும், அது பாதியா குறையவே சுமார் 1600 வருஷம் ஆகும். கண்ணாடி உடைஞ்ச டயலை தொடாதீங்க, உரிஞ்ச பெயிண்டை ஊதாதீங்க. அடுத்தது, பழைய ஜெட்டு எதுலயாவது ஏறினா மஞ்சக்கறுப்பு பட்டை போட்ட கைப்பிடி எதையும் தொடவே கூடாது, எஜக்‌ஷன் சீட்டு செயலிழக்க வச்சாச்சுன்னு அங்க இருக்கிறவங்க வாயால சொன்னாலும் சரி.

கேள்வி கேக்கும்போது "இது சண்டைக்கு போச்சா"ன்னு ஆரம்பிக்காதீங்க, வர்றவங்க எல்லாம் அதைத்தான் கேக்குறாங்க. "இந்த பிளேட்டு எந்த பாகத்தோட வந்துச்சு, எந்தெந்த பாகம் அதே விமானத்தோடதுன்னு உறுதியா தெரியும், எது இன்னும் கிடைக்காம தேடிட்டு இருக்கீங்க"ன்னு கேளுங்க. கடைசிக் கேள்விக்கு அவங்க வாய் திறந்தா சாயங்காலம் வரைக்கும் பேசுவாங்க, மெர்லின் கேட்ட பர்சன்ட் கணக்கும் அதுலயே வந்துடும்.

ரிவெட்டுராசா:
ஒரு டார்ச்சு எடுத்துட்டு போங்க தம்பி. பன்ச் பண்ண நம்பர் பாதி அழிஞ்சிருக்கும், நேரா வெளிச்சம் அடிச்சா ஒண்ணும் தெரியாது, தகட்டோட ஒட்டி பக்கவாட்டுல அடிச்சா பள்ளம் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிக்கும், அப்போ போட்டோ எடுங்க. நம்பர் மட்டும் இல்ல, பக்கத்துல சின்ன வட்டத்துக்குள்ள இருக்கிற இன்ஸ்பெக்டர் முத்திரையும் சேத்து எடுங்க, எந்த ஃபேக்டரில பாஸ் ஆச்சுன்னு அதுல இருந்து தெரியும். போட்டோ எடுக்கலாமான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, சில விமானத்தோட ஓனர் ஒத்துக்க மாட்டாரு. அப்புறம் சீக்கிரம் போங்க, தகடு போட்டு ரிவெட் அடிச்சு மூடிட்டாங்கன்னா அந்த நம்பரை அடுத்த பெரிய ஓவர்ஹால் வரைக்கும் யாரும் பாக்க முடியாது.