கரண்ட் போனால் கை கொடுக்கிற டார்ச் எது வாங்கலாம்?

நாலாம்மாடி (ரங்கூன்):

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது டவுனுக்குள், லிப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் நாலாவது மாடி. படிக்கட்டு எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஏணிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அம்மாவுக்கு 74 வயது. போன வெள்ளிக்கிழமை காளி கோயிலுக்குப் போய்விட்டு ஏறி வரும்போது கரண்ட் போய்விட்டது, போனிலும் சார்ஜ் இல்லை, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் டார்ச்சைத் தேடி எடுத்து, பால்கனியில் பேப்பரும் சாவியும் ஏற்றி இறக்கக் கட்டி வைத்திருக்கும் கயிற்றுக் கிளிப்பில் மாட்டிக் கீழே விட்டேன். கீழ்வீட்டுப் பையன் அதை வாங்கிக்கொண்டு ஏறிப்போய் அம்மாவைக் கூட்டி வந்தான். ஏன் நீயே இறங்கவில்லை என்று கேட்காதீர்கள், எனக்குக் கால் கட்டுப் போட்டிருக்கிறது, அது வேறு கதை.

அந்த டார்ச்சும் லட்சணம்தான். பின்பக்கம் இரண்டு முள் வெளியே வரும், நேரே சுவர் பிளக்கில் சொருகிச் சார்ஜ் போடுகிற வகை. வாங்கிய மாதம் கண்ணைப் பறித்தது, இப்போது பத்து நிமிஷத்தில் மஞ்சளாகி அணைந்துபோகிறது. இதோடு மூன்றாவது டார்ச், மூன்றும் ஒரே மாதிரிதான் செத்தன.

இப்போது போனில் ஒரு விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது. வெளிச்சம் 10000 லூமன், 20 மணி நேரம் எரியும், பேட்டரி கொள்ளளவு 9900 எம்ஏஎச் என்கிறார்கள். விலையும் பரவாயில்லை. வாங்கலாமா? படிக்கட்டுக்கு வேண்டும், ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாவிட்டாலும் தாங்க வேண்டும், பூகம்பம் புயல் என்றாலும் கை விடக் கூடாது. முள் டார்ச் நாலு வாங்குகிற காசு வரை செலவழிக்கத் தயார்.

பேட்டரிப் பைத்தியம் (ரங்கூன்):

தம்பி, அந்த விளம்பரத்தை முதலில் மூடுங்கள்.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. நல்ல எல்இடி டார்ச் ஒரு வாட்டுக்குச் சுமாராக 100 லூமன் வெளிச்சம் தரும். அப்படியென்றால் 10000 லூமனுக்கு 100 வாட் வேண்டும், 20 மணி நேரத்துக்கு 2000 வாட்-மணி. 18650 பேட்டரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தால் உள்ளே உருளை உருளையாக இருக்குமே அது, 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், பெயரே அதிலிருந்துதான். 3000 எம்ஏஎச் உள்ள நல்ல பேட்டரியாகவே இருந்தாலும் அதில் 11 வாட்-மணிகூட இருக்காது. உங்கள் விளம்பர டார்ச் சொன்னபடி எரிய இந்த மாதிரி 180 பேட்டரிக்கு மேல் வேண்டும், சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) ஒன்று பிடித்துத்தான் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

9900 எம்ஏஎச் என்பதும் புளுகு. 18650 அளவில் நல்ல கம்பெனிகள் செய்கிறதே 3500, 3600 பக்கம் நின்றுவிடுகிறது. இன்னும் கொஞ்சம் பெரிய 21700 என்றால் 5000 பக்கம். கடையில் நின்று எம்ஏஎச்சை அளக்க முடியாது, ஆனால் எடை போடலாம். நிஜமான 18650 கிட்டத்தட்ட 45 கிராமுக்குக் குறையாது. எடை ரொம்பக் குறைந்தால் உள்ளே சின்னதாக எதையோ வைத்து மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்புறம் உங்கள் முள் டார்ச். அதற்குள் இருப்பது ஈயமும் அமிலமும் வைத்த 4 வோல்ட் பேட்டரி, மோட்டார் பேட்டரியின் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் இறங்கிய நிலையில் அதைப் போட்டு வைத்தால் தகட்டில் சல்பேட் இறுகிக்கொள்ளும், பிறகு என்ன சார்ஜ் போட்டாலும் ஏறாது. நம் ஊர்ப் பழக்கத்துக்கு அது சரிப்படவே படாது. ராத்திரி இருட்டில் கடைசிச் சொட்டு வரை எரிக்கிறோம், "மீ லா பீ" (கரண்ட் வந்துவிட்டது) என்று தெருவே கத்தும்போது முதலில் தண்ணீர் மோட்டாரைப் போட ஓடுகிறோம், அடுத்து ரைஸ் குக்கர், அடுத்து போன். டார்ச் மூலையில் காலியாகக் கிடக்கும். மூன்றும் ஒரே மாதிரி செத்தது ஆச்சரியமில்லை.

படிக்கட்டுக்கு 100 லூமன் தாராளம். அதே ஒரு 18650 பேட்டரியில் 100 லூமன் ஒன்பது பத்து மணி நேரம் வரும், ஒரு ராத்திரிக்குப் போதாதா? வாங்கும்போது மேல் எண்ணைப் பார்க்காமல் அடி எண்ணைப் பாருங்கள். 1 முதல் 5 லூமன் வரை ஒரு படி இருக்கிறதா என்று கேளுங்கள். இருட்டுக்குக் கண் பழகிவிட்டால் கக்கூஸ் போய் வர, மாத்திரை தேட அது போதும், அதில் நாள் கணக்காக ஓடும்.

பெட்டியில் ஆன்சி எஃப்எல்1 என்று போட்டிருந்தால் எல்லாக் கம்பெனியும் ஒரே அளவுகோலில் அளந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதிலும் சூட்சுமம் உண்டு. எரியும் நேரம் என்று போடுவது, ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்குமான நேரம். 8 மணி நேரம் என்றால் எட்டு மணி நேரமும் அதே பளிச்சென்று எரியும் என்று நினைக்காதீர்கள். தூரம் என்பது 0.25 லக்ஸ் விழும் இடம் வரை, அதாவது பௌர்ணமி நிலா வெளிச்ச அளவுக்கு. 200 மீட்டர் என்று போட்டிருக்கும் இடத்தில் ஒரு ஆள் நிற்கிறான் என்று தெரியலாம், முகம் தெரியாது.

இன்னொன்று. உள்ளங்கை அளவு டார்ச்சில் 1000 லூமன் என்று நிஜமாகவே வருகிறவை இருக்கின்றன. ஓரிரு நிமிஷத்தில் சூடேறித் தானாகவே இறங்கிவிடும். அது கெட்டுப்போனதால் இல்லை, சூட்டில் எல்இடி வேகாமல் இருக்க அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள்.

மண்டலேக்காரி:

படிக்கட்டை விடுங்கள், பூகம்பம் என்று கேட்டீர்களே, அதற்கு நான் சொல்கிறேன்.

2025 மார்ச் 28. மதியம் ஒரு மணி ஆகப்போகிற நேரம், 7.7 அளவு. பகலில் வந்ததால் டார்ச் ஞாபகமே யாருக்கும் வரவில்லை. சாயங்காலம் ஆனதும்தான் தேடினோம். எங்கள் வீட்டு டார்ச் அலமாரிக்குள் இருந்தது, அலமாரி குப்புறக் கிடந்தது, உள்ளே போய் நிமிர்த்தவோ யாருக்கும் தைரியமில்லை, சுவர் அப்படி வாய் பிளந்திருந்தது. அன்றிலிருந்து தெருவோரத்தில் பாய் விரித்துத்தான் படுத்தோம். ஆகவே என்ன டார்ச் வாங்கினாலும் அலமாரிக்குள் வைக்காதீர்கள். நான் இப்போது கட்டில் கால் பக்கத்தில் ஒரு ஜோடி ஷூ வைத்து, அதில் ஒன்றுக்குள் டார்ச்சைப் போட்டு வைக்கிறேன். கண்ணாடி உடைந்து கிடக்கும்போது செருப்பில்லாமல் டார்ச் மட்டும் இருந்து என்ன செய்ய?

முதல் ராத்திரி என் சித்தப்பா மகன் பெரிய சர்ச்லைட் ஒன்று கொண்டு வந்தான். வானத்தைத் துளைத்தது. ஐந்து நிமிஷத்தில் தெருவே அவனைத் திட்டியது, குழந்தைகளுக்குக் கண் கூசி அழுகை, பாட்டிமார்களுக்கு எதிரில் இருக்கிற ஆள் தெரியவில்லை. கடைசியில் உதவியது பக்கத்து வீட்டு அக்காவின் தலையில் கட்டுகிற விளக்குதான். ஒரு கையில் வாளி, ஒரு கையில் பிள்ளை, வெளிச்சம் நெற்றியில். இரண்டாம் நாளே எனக்கும் ஒன்று தேடினேன், ஊரில் ஒன்றும் கிடைக்கவில்லை. டார்ச் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் தலை விளக்காக வாங்குங்கள் தம்பி, அம்மாவுக்கும் அதுவே நல்லது, படியில் ஒரு கை கைப்பிடியைப் பிடிக்கட்டும், ஒரு கை சுவரைப் பிடிக்கட்டும்.

சாதா டார்ச்சை நட்டுக்குத்தலாக நிறுத்தி, மேலே தண்ணீர் நிரப்பின பாட்டிலை வைத்தால் வெளிச்சம் பரவி அரிக்கேன் மாதிரி ஆகிவிடும். வீட்டுக்குள் என்றால் பாட்டில்கூட வேண்டாம், கூரையைப் பார்த்து நிறுத்தினால் போதும்.

மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். கேஸ் வாசம் அடித்தால் டார்ச் சுவிட்சைக்கூட அங்கே நின்று அழுத்தாதீர்கள், வெளியிலேயே போட்டுக்கொண்டு உள்ளே போங்கள், முடிந்தால் போகவே போகாதீர்கள்.

ஒரு வாரம் கழித்து மழையும் சேர்ந்துகொண்டது. பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்றால் மேலே தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். வாளிக்குள் விழுகிற சாமான் இது, ஏழே வாங்குங்கள்.

மோல்மீன் தோட்டக்காரன்:

எல்லோரும் 18650 18650 என்கிறீர்கள். டவுனில் இருக்கிறவர்களுக்குச் சரி. எங்கள் கிராமத்துக் கடையில் போய் 18650 கேட்டால் போன் நம்பரா என்று கேட்பார்கள். ஏஏ பேட்டரி, அதாவது சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற பேட்டரி, எந்தக் கடையிலும் கிடைக்கும். பாதை அடைத்து மூன்று நாள் சரக்கு வராவிட்டாலும் கடிகாரத்திலிருந்து உருவிப் போடலாம். நான் பதினைந்து வருஷமாக ஏஏ டார்ச்தான்.

எனக்கு டார்ச் கரண்டுக்காக இல்லை, கண்ணாடி விரியனுக்காக. ரப்பர் மரத்தில் பால் வெட்ட விடியுமுன் போகிற பாதையில் சருகும் பாம்பும் ஒரே நிறம். இங்கே ஒரு விஷயம், தூரம் பாய்கிற ஒற்றைக் கதிர் டார்ச் இதற்கு உதவாது, நடுவில் ஒரு வட்டம் பளீரென்று தெரியும், சுற்றிலும் ஒன்றும் தெரியாது. கால் முன்னால் பாய் விரித்த மாதிரி அகலமாக விழ வேண்டும். நீல வெள்ளையைவிடக் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெளிச்சத்தில்தான் பழுப்பு பழுப்பாகத் தெரியும், பூச்சியும் குறைவாக மொய்க்கும்.

பேட்டரிப் பைத்தியம் (ரங்கூன்):

தோட்டக்காரரே, பாம்பு விஷயத்தில் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. ஏஏ விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஒரு ரீசார்ஜ் ஏஏவில் இரண்டரை வாட்-மணிகூட இல்லை, 18650இல் இருப்பதில் நாலில் ஒரு பங்கு. 100 லூமன் இரண்டு மணி நேரம் வந்தால் பெரிது. ஆனால் எங்கும் கிடைக்கும் என்பது பெரிய பலம்தான். ஒரே ஒரு கெஞ்சல், சாதா அல்கலைன் பேட்டரியை டார்ச்சுக்குள் போட்டு வருஷக்கணக்கில் விடாதீர்கள். என்னிடம் ரிப்பேருக்கு வருவதில் நிறைய அதுதான், வெள்ளை உப்பு பூத்து ஸ்பிரிங்கைத் தின்றிருக்கும், பேட்டரி குழாயோடு ஒட்டிக்கொண்டு உளி வைத்தாலும் வராது.

மோல்மீன் தோட்டக்காரன்:

தெரியும் அண்ணே, ஒரு நல்ல டார்ச்சைப் பறிகொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். இப்போது நிக்கல் ரீசார்ஜ் வகை, சார்ஜ் தானாக அதிகம் இறங்காத ரகம். ஆறு மாதம் சும்மா கிடந்தாலும் எடுத்தால் எரிகிறது. அல்கலைனைத் தனியே பாக்கெட்டோடு வைத்திருக்கிறேன்.

நாலாம்மாடி (ரங்கூன்):

அண்ணே, அக்கா, எல்லோருக்கும் நன்றி. விளம்பரத்தை மூடிவிட்டேன். 18650 போடுகிற கை டார்ச் ஒன்று, அம்மாவுக்குத் தலை விளக்கு ஒன்று என்று முடிவு செய்திருக்கிறேன். அக்கா மகன் அடுத்த மாதம் சிங்கப்பூரிலிருந்து வருகிறான், அவனிடம் பேட்டரியும் சேர்த்து வாங்கி வரச் சொல்லலாமா, இல்லை விமானத்தில் பிடுங்கிவிடுவார்களா?

பேட்டரிப் பைத்தியம் (ரங்கூன்):

கொண்டு வரலாம். தனி லித்தியம் பேட்டரியைக் கையில் எடுத்து வருகிற பையில்தான் வைக்க வேண்டும், கீழே போடுகிற பெட்டியில் கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் டப்பியில் போடச் சொல்லுங்கள், சாவிக்கொத்தோடு சேர்த்துப் பையில் போட்டால் முனை உரசித் தீப்பிடிக்கும். டைப்-சி ஓட்டை உள்ள டார்ச் என்றால் அங்கேயே ஒரு தரம் சார்ஜ் போட்டுப் பார்க்கட்டும். மலிவு டார்ச் சிலது இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள ஒயரில் சார்ஜ் ஏறவே ஏறாது, ஒரு பைசா ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள். பழைய தட்டை முனை ஒயரில் ஏறும். தெரியாமல் டார்ச் செத்துவிட்டது என்று தூக்கிப்போடுகிறார்கள்.

கைக்கு வந்ததும் வால் மூடியைக் கால் சுற்று தளர்த்தி வையுங்கள். பட்டன் சுவிட்ச் உள்ள பல டார்ச் அணைத்து வைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும், மூடி தளர்ந்திருந்தால் குடிக்காது, பைக்குள் தானாக எரியவும் எரியாது. ஆனால் அம்மாவுக்கு அதை ஒரு தடவை செய்து காட்டிவிடுங்கள், இருட்டில் அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு ரிப்பேர் என்று வைத்துவிடப் போகிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்துச் சார்ஜ் ஏற்றுங்கள். ஜன்னலோர வெயிலில் வைக்காதீர்கள்.

மண்டலேக்காரி:

தலை விளக்கின் பட்டையை அம்மா தலைக்கு இப்போதே அளந்து வையுங்கள். கொண்டை போட்டால் ஒரு அளவு, அவிழ்த்தால் ஒரு அளவு. இது எங்கள் வீட்டில் நடந்தது.

நாலாம்மாடி (ரங்கூன்):

ஒரு விஷயம் சொல்ல மறந்தேன். சிங்கப்பூர்ச் சாமான் வர ஒரு மாதம் ஆகுமே என்று, கீழ்வீட்டுப் பையன் யாரிடமோ வாங்கி வைத்திருந்த ஒரு 18650 பேட்டரியைக் கொடுத்தான், மேலே 8800 எம்ஏஎச் என்று தங்க நிறத்தில் எழுதியிருந்தது. பைத்தியம் அண்ணன் சொன்னாரே என்று, நொண்டிக்கொண்டே கீழே இறங்கி எங்கள் கட்டடத்து நகைக்கடையில் எடை போடச் சொன்னேன். கடைக்காரர் தராசில் வைத்துவிட்டு, "என்ன, 16 பே தங்கமா?" என்றார், சுத்தத் தங்கத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். தங்கம் நிறுக்கிற பர்மா எடை ஒரு கியாட்தா 16 கிராம் சொச்சம் என்றால் நல்ல பேட்டரி கிட்டத்தட்ட மூன்று கியாட்தா இருக்க வேண்டும். இது இரண்டுக்குக்கூட வரவில்லை. பையனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அவன் அதை டிவி ரிமோட்டுக்குப் போட முடியுமா என்று கேட்கிறான்.