36 பேரில் ஒருவருக்கு மட்டும் ஏன் பலிக்கவில்லை?

வைகை:
ஹெச்ஐவி தடுப்பூசிக்கான ஐஏவிஐ ஜி001 என்ற முதற்கட்ட சோதனையின் முடிவு 2022-ல் வெளியானது. ஊசி போட்டுக்கொண்ட 36 பேரில் 35 பேருக்கு எதிர்பார்த்த வகை பி செல்கள், அதாவது கிருமியில் ஒட்டும் ஆன்டிபாடி என்ற புரதத்தைத் தயாரிக்கும் செல்கள், பெருகின. மிஞ்சிய ஒருவருக்கு, ஐஜிஹெச்வி1-2 என்ற ஆன்டிபாடி மரபணுவின் தேவையான வடிவம் அம்மாவிடமிருந்தும் வரவில்லை, அப்பாவிடமிருந்தும் வரவில்லை. அந்த மரபணு தரும் புரதத்தின் 50-ம் இடத்தில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் வேண்டும். அவருக்கு இருந்தது ஆர்ஜினின். ஒரே ஒரு அமினோ அமிலம்! யாருக்கு எந்த ஆன்டிபாடி வரும் என்பதைப் பிறவியே பெருமளவு தீர்மானிக்கிறது.

பொருநை:
ஒரே ஆளை வைத்து இப்படி அடித்துச் சொல்லலாமா? ஆன்டிபாடி பிறந்தபடியே இருப்பதில்லை. நிணநீர்க் கணுக்களில் பி செல்கள் தங்கள் ஆன்டிபாடி மரபணுவை மாற்றிக்கொண்டே போகும், நன்றாக ஒட்டுவது பிழைக்கும். எந்தக் கிருமியை எப்போது சந்தித்தோம் என்பதுதான் முக்கியம்.

வைகை:
அந்த மாற்றம் எப்போது தொடங்குகிறது? செல் முதலில் ஒட்டிய பிறகுதானே! ஒட்டவே முடியாத செல் அந்தப் பந்தயத்துக்குள்ளேயே வராது. இந்தத் தடுப்பூசியை வடிவமைத்ததே அந்த முதல் ஒட்டுதலுக்காகத்தான்.

கீரன்:
அதுவரை சரி. ஆனால் இதைப் பரிணாமத் தகவமைப்பு என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். ஹெச்ஐவி மனிதரிடம் வந்து சுமார் 100 ஆண்டுதான் ஆகிறது. அந்த மரபணு வேறுபாடு அதற்கு வெகு முன்பே நம்மிடம் இருந்தது.

வைகை:
இந்த மரபணுவுக்கு ஒப்புக்கொள்கிறேன். பக்கத்திலேயே இருக்கும் ஐஜிஹெச்ஜி4 என்ற இன்னொரு ஆன்டிபாடி மரபணுவைப் பாருங்கள். அதன் ஒரு வடிவம் தென்சீனாவின் ‘தாய்’ (Dai) இன மக்களிடமும் வியட்நாமின் கின் மக்களிடமும் மிக அதிகம், மற்ற இடங்களில் குறைவு. அது அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தாலிடமிருந்து வந்து, இயற்கைத் தேர்வால் வேகமாகப் பரவியது என்று 2021-ல் ஓர் ஆய்வு சொன்னது.

கீரன்:
எந்த நோய் அதைத் தேர்ந்தெடுத்தது என்று யாராவது காட்டினார்களா? அது தெரியாமல் பாதிக் கதைதான்.

பொருநை:
எனக்கு வேறொரு சிக்கல். இந்த ஆன்டிபாடி மரபணுக்கள் இருக்கும் 14-ம் குரோமோசோம் பகுதியில் அச்சில் வார்த்ததுபோல ஒத்த மரபணுக்கள் வரிசையாக நிற்கின்றன. டிஎன்ஏவைச் சின்னத் துண்டுகளாகப் படித்தால் எந்தத் துண்டு எந்த மரபணுவுடையது என்றே பிரியாது. பழைய தரவில் பெரும்பகுதி அப்படிப் படித்ததுதான். தடுப்பூசி சோதனைக்கு வருகிறவர்களின் இந்தப் பகுதியை நீண்ட துண்டுகளாகப் படியுங்கள் என்றால் நானும் கை தூக்குகிறேன். அதற்குமுன் ‘இந்த மக்களுக்கு இந்த ஊசி பலிக்காது’ என்று யாராவது எழுதினால் விடமாட்டேன்.